மிச்சமிருந்த மலை

ஆம்புலன்சின் பின்கதவைத் திறந்து, பூபாலனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்திருந்த தன் சைக்கிளைச் சரிதா கீழே இறக்கினாள். மலையடிவார டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசும் கையுமாகப் பார்த்தார்கள். பூபாலனின் அண்ணன் தனசேகரனுக்கு உடம்பு கூசியது.

"இன்னாம்மா பண்ற? மேல ஜமுனாமரத்தூர்ல ஜனமெல்லாம் காத்துக்கினு இருக்குது. இருட்றதுக்குள்ள அடக்கம் பண்ணணும்."

"பண்ணிடலாம் மாமா. சைக்கிள்லயே வூடு வந்து சேரணும்னுதான் ரெண்டு பேரும் கிளம்புனோம். பாதி தூரம் பிளேன்ல வந்தாச்சு. நம்ம மலையையாவது மிதிச்சுட்றேன்."

தாய்லாந்து, லாவோஸ் என்று புருஷனும் பெண்டாட்டியுமாக மிதித்தே கடந்தவர்கள். வியட்நாமில் ஒருநாள் காலை பூபாலன் எழுந்திருக்கவில்லை. அவன் சைக்கிளை, தங்க இடம் கொடுத்தவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, அவனோடு தனியாக வந்திருக்கிறாள்.

"ஊரு இன்னா பேசும்?"

"கிளம்புறப்ப பேசாததா? 'பஸ்ஸு இல்லாத ஊருக்கா போறீங்க'ன்னு நீங்களே கேட்டீங்களே."

தனசேகரன் டிரைவர் விஜயராஜைப் பார்த்தான்.

"நான் பின்னாலயே மெதுவா வர்றேண்ணே. போவட்டும்" என்றான் அவன்.

"சரி. ஆனா எங்க நின்னாலும் வண்டியில ஏறிடணும்."

தலையாட்டிவிட்டு ஏறி மிதித்தாள்.

ஒவ்வொரு வளைவிலும் நின்றுவிடுவாள் என்றுதான் ஆம்புலன்சின் முன்சீட்டிலிருந்த தனசேகரன் எதிர்பார்த்தான். எதிரே இறங்கிய பஸ்ஸுக்கு ஓரம் கட்டினாள்; கால் ஊன்றவில்லை. முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. செங்குத்தான ஒரு வளைவில் சைக்கிள் தள்ளாடி, கிட்டத்தட்ட நின்றேவிட்டது. கதவுப் பிடிக்குப் போன அவன் கை அங்கேயே நின்றது.

"மிதி" என்றான், தனக்கே கேட்காத குரலில். "மிதிம்மா."

சக்கரம் மெல்ல நகர்ந்தது.

மேலேயிருந்து போன் வந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"வந்துக்கினே இருக்கோம். சரிதா மிதிச்சுக்கினு வர்றா."

"இன்னாது?"

"பூபாலன் பொண்டாட்டிப்பா. மலைய மிதிச்சே ஏறுறா. வழி வுடச் சொல்லு."

சமதளம் வந்ததும் சரிதா இடது கையை இறக்கி, திரும்பிப் பார்க்காமலே ரோட்டைச் சுட்டினாள்.

"அக்கா இன்னாண்ணே காட்றாங்க?"

"பள்ளம். முன்னால போறவங்க பின்னால வர்றவங்களுக்குக் காட்றது. அவங்க அனுப்புன வீடியோவுல பாத்திருக்கேன். மாத்தி மாத்திக் காட்டிக்குவாங்க."

விஜயராஜ் ஸ்டியரிங்கை ஒடித்தான். பின்னால் பெட்டி அசையவில்லை.