மிச்சம் வெட்டாத ஷாக் கார்டு

செவ்வாய்க்கிழமை காலை என்னை ஷாக் கார்டில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரியாதையாகத்தான் கட்டினார்கள். இடுப்பு அறுக்காமல் இருக்க ஒரு துண்டை மடித்து வைத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஷாக் கார்டு என்பது ராக்கெட்டின் மூக்கையும் உடம்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கயிறு. பொழுதுபோக்குக்கு ராக்கெட் விடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கயிற்றை நினைத்துத்தான் தூக்கம் இழக்கிறார்கள். ராக்கெட் உச்சிக்குப் போனதும் மூக்கு கழன்றுகொள்ளும். உள்ளேயிருந்து பாராசூட் வரும். அப்போது படாரென்று ஒரு இழுப்பு. கயிறு தாங்கினால் எல்லாம் ஒன்றாக மெதுவாக இறங்கும். என் ராக்கெட்டில் பாராசூட்டை உடம்போடு கட்டியிருந்தேன். கயிறு அறுந்தால் மூக்கு மட்டும் தனியாகக் கல் மாதிரி விழும்.

மூக்கில் திலகா இருந்தாள். திலகா என் மனைவி.

மூக்கில் கொஞ்சம் எடை வைத்தால்தான் ராக்கெட் நேராகப் போகும். எப்போதும் களிமண் உருண்டை வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை களிமண் தீர்ந்திருந்தது. "நான் உக்காந்துக்கறனுங்க," என்றாள். அளவு சரியாக இருந்தது. ராக்கெட்டும் நேராகத்தான் போனது.

உச்சிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. கயிற்றின் பலம் இன்னதென்று தெரியாமல் பாராசூட் விரியாதாம். நான் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நின்றுபோன ராக்கெட்டிடம் யார் வாதாடுவது? துடியலூர் பஸ் பிடித்துச் சோதனைக்கூடத்துக்குப் போனேன்.

அங்கே நாச்சிமுத்து என்பவர் இருந்தார். கயிறு சோதிப்பது அவர் வேலை.

"மிச்சம் கொண்டாந்தீங்களா?" என்றார்.

"எந்த மிச்சம்?"

"கயித்துல மிச்சம். ஒரு முழம் சேத்தி வெட்டி வெச்சிருப்பீங்கல்ல? அதைத்தான் இங்க அறுத்துப் பாப்போம்."

விவரமானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ராக்கெட்டுக்கு வெட்டும்போதே அதே சுருளிலிருந்து ஒரு முழம் கூடுதலாக வெட்டுவார்கள். அதில் அதே முடிச்சைப் போட்டு, அறுகிற வரைக்கும் எடை தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். இது எனக்கும் தெரியும். ஆனால் நான் எதையும் கச்சிதமாக வாங்குகிறவன். சட்டைக்குத் துணி எடுத்தால் டெய்லர் ஒரு துண்டுத்துணிகூடத் திருப்பித் தர முடியாது. கயிறும் அப்படித்தான் வாங்கினேன்.

"மிச்சமில்லீங்க," என்றேன்.

நாச்சிமுத்து இழவு வீட்டில் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அப்ப மேல இருக்கறதையேதான் சோதிக்கோணும்."

"அதுல எங்கூட்டுக்காரி இருக்கறாளுங்க."

"இருக்கட்டுங்க. கயிறு என்ன கோவிச்சுக்கவா போகுது?"

கூரையில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகக் கயிற்றின் நுனி இறங்கி வந்தது. பாதி இலாஸ்டிக், பாதி கெவ்லார் என்கிற மஞ்சள் நூல். என்னுடையதேதான். நான் வாங்கியது என் உயரத்துக்குத்தான் இருக்கும். அவ்வளவு தூரம் எட்டுமா என்று கேட்டேன்.

"இலாஸ்டிக்தானுங்களே, வரும்," என்றார். வந்தது.

எடைக்கற்கள் எல்லாம் டீ குடிக்கப் போயிருந்தன. அதனால் என்னைக் கட்டினார்கள். முடிச்சை என்னையே போடச் சொன்னார்கள். இரட்டை எட்டு போட்டேன். எனக்கு நன்றாக வரும் முடிச்சு அதுதான்.

"கயிறு எப்பவும் முடிச்சுலதானுங்க அறும்," என்றார் நாச்சிமுத்து. "முடிச்சுப் போட்டவரே தொங்கறது நல்லது. அப்பறம் யாரையும் குத்தம் சொல்ல முடியாது பாருங்க. பசை வெச்சீங்களா?"

"ஒரு சொட்டு வெச்சனுங்க."

"பசை வெச்சா கயிறு காஞ்சு நொறுங்கும்."

"வெக்காட்டி?"

"வழுக்கிக்கும்."

எது தேவலை என்று கேட்டேன். அவர் என் காலுக்கடியில் இருந்த ஸ்டூலை எடுத்துவிட்டார்.

எனக்கும் முடிச்சுக்கும் கொஞ்சம் மேலே தராசு இருந்தது. தராசு என்றால் எங்கள் பக்கத்து வீட்டு கிட்டுசாமி அண்ணன். ரிட்டயர் ஆன பிறகு என்ன செய்கிறார் என்று தெரியாமலிருந்தது. கயிறு அவருடைய மேல் பொத்தான் வழியாக நுழைந்து கடைசிப் பொத்தான் வழியாக வெளியே வந்தது. அவர் மூக்குத்தான் முள்.

"எழுவத்தொண்ணு," என்றார்.

"சௌக்கியமாங்ணா?"

"எழுவத்தொண்ணே கால். பேசாதீங்க, ஆடுது."

இலாஸ்டிக் இழுபட்டு நான் மெல்ல இறங்கினேன். தரையும் கூடவே இறங்கியது. என் பெருவிரலுக்கும் தரைக்கும் நடுவே எப்போதும் நாலு விரல் இடைவெளி இருந்தது. காலை நீட்டிப் பார்த்தேன். தரை ஒதுங்கிக்கொண்டது. சுவர்கள் நீண்டன. வாசற்கதவு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் அது ஆறு மாடி உயரத்தில் தெரிந்தது.

"அந்த வழியா யாரும் போறதில்லீங்க," என்றார் நாச்சிமுத்து.

"என்னை எப்ப இறக்கிவிடுவீங்க?"

"கயிறு அறுந்ததும்."

"அறாட்டி?"

"பலம் தெரியாதுங்களே. அறுந்தாத்தான எவ்வளவு தாங்கும்னு சொல்ல முடியும்."

"அறுந்தா திலகா என்னாவா?"

"அவங்க கயிறு எவ்வளவு தாங்குச்சுன்னு கரெக்டா தெரிஞ்சுரும்."

எனக்கு விளங்கிவிட்டது. கயிறு அறுந்தால் நான் வீட்டுக்குப் போவேன், திலகா விழுவாள். அறாவிட்டால் நான் இங்கே தொங்குவேன், திலகா அங்கே நிற்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன்.

கிட்டுசாமி அண்ணன் கண்ணைக் கீழே இறக்கி முள்ளைப் பார்த்தார்.

"அதுக்கு எடை இல்லீங்க," என்றார்.

எடைக்கற்கள் டீ குடித்துவிட்டு வந்தன. ஆள் போட்டாச்சா என்று கேட்டன. போட்டாச்சு என்றார் நாச்சிமுத்து. அவை செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பின. கடைசியாகப் போன ஐந்து கிலோ கல் மட்டும் என்னைப் பார்த்துத் தலையாட்டியது.

அப்புறம் எடை கூட்டத் தொடங்கினார்கள். இட்லியாகத்தான் கூட்டினார்கள். நாச்சிமுத்து ஒவ்வொன்றாகச் சட்னியில் தோய்த்து ஊட்டினார். பசியில் நாலு இட்லி உள்ளே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. முடிச்சு முனகியது. வாயை மூடிக்கொண்டேன்.

"சாப்புடுங்க. சோதனை நடக்கோணுமல்ல."

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கோபித்துக்கொள்ளவில்லை அவர். பருப்புச் சோறு செய்து கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே வைத்தார். நெய் மணந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கயிறு என்னைத் திரும்பவும் சோற்றின் பக்கமே திருப்பியது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. சின்ன வயதில் தீப்பெட்டி டெலிபோன் செய்தவர்களுக்குத் தெரியும். நூல் விறைப்பாக இருந்தால் பேச்சு வரும். காதை முடிச்சில் வைத்தேன்.

"ஏனுங்க," என்றாள் திலகா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சொல்லு," என்றேன்.

"மேல காத்து ரொம்ப அடிக்குதுங்களா?"

"அதை நான்ல கேக்கோணும்."

"நான் கீழதான இருக்கறேன். நீங்கதான மேல இருக்கீங்க."

விசாரித்தேன். செவ்வாய்க்கிழமை காலை அவளையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கே சம்பூரணம் என்று ஒரு அம்மா பார்த்துக்கொள்கிறாராம். நல்ல மாதிரியாம். இடுப்புக்குத் துண்டு வைத்தாராம்.

"நீதான் மூக்குல ஏறி உக்காந்தே," என்றேன்.

"நீங்கதானுங்க. களிமண்ணு தீந்துபோச்சு, நானே உக்காந்துக்கறேன்னீங்க."

"நீ."

"நீங்க."

இது எங்களுக்குப் புதிதில்லை. வீட்டைப் பூட்டியது யார் என்று ஒரு தடவை பொள்ளாச்சி போய்ச் சேரும்வரை வாதாடியிருக்கிறோம்.

"உன்ற கயிறு எங்க போகுது?" என்றேன்.

"மேலதானுங்க. கூரையில ஓட்டை இருக்குது."

அண்ணாந்து பார்த்தேன். என் கயிறும் மேலேதான் போனது.

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். "ரெண்டு பேரும் கீழ இருக்கறமுங்க. அப்ப மேல யாரு இருக்கறாங்க?"

"மேல எப்பவும் ஒருத்தர் இருப்பாங்க," என்றார். வேறு விவரம் அவரிடம் இல்லை.

சாயங்காலம் அவர் ஒரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "ரொம்ப நேரமாகுதுங்க. நீங்களே வெட்டிக்கிட்டாலும் அறுந்த மாதிரிதான். ஊட்டுக்குப் போலாம்." நல்ல மனிதர். திலகாவிடம் கேட்டேன். சம்பூரணம் அம்மாவும் ஒன்று கொடுத்திருந்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்றைக்கு வந்த ஒரே நல்ல யோசனை.

"திலகா, ரெண்டு பேருமே கீழ இருக்கறோம். வெட்டினா யாரும் விழமாட்டோம். நேரா ஊட்டுக்குப் போலாம்."

"அட, ஆமாங்க."

"வெட்டு."

கத்தரிக்கோலை விரிக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் வரவில்லை.

"நீங்க கீழ இருக்கறதா நீங்கதான சொல்றீங்க," என்றாள் கடைசியில். "இங்கிருந்து பாத்தா கயிறு மேலதான் போகுது."

"நான் பொய் சொல்லுவனா?"

"என்னை ஊட்டுக்கு அனுப்பறதுக்குன்னா சொல்லுவீங்க."

சொல்வேன்தான். அவளும் சொல்வாள்.

"நீங்க வெட்டுங்க," என்றாள்.

கத்தரிக்கோலை விரித்துக் கயிற்றில் வைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். ஓட்டைக்குள் கொஞ்சம் வானம் இருந்தது. அதில் ஒரு புள்ளி இருந்தது. காக்கையாக இருக்கலாம். காக்கை என்றால் நகர வேண்டும். இது நகரவில்லை. கத்தரிக்கோலை மூடி நாச்சிமுத்துவிடம் கொடுத்துவிட்டேன்.

"எல்லாரும் அப்படித்தானுங்க," என்றார் அவர். அதைத் துடைத்து உறையில் போட்டார்.

அதன் பிறகு நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அப்படி முடிவெடுத்தோம். நாட்கள் போயின. கிட்டுசாமி அண்ணன் அறுபத்தஞ்சு என்றார், அறுபது என்றார், அப்புறம் எனக்குக் கேட்காதபடி சொன்னார். இலாஸ்டிக் சுருங்கியது. தரை என் பின்னாலேயே ஏறி வந்தது. முடிச்சு கொஞ்சம் தளர்ந்தது. அவிழ்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. கைதான் சும்மா இருக்காமல் தடவிப் பார்த்தது. பசை பிடித்திருந்தது.

கயிறு தளரத் தளரத் திலகாவின் பேச்சும் குறைந்தது. முதலில் முழு வாக்கியங்கள் வந்தன. அப்புறம் பாதி. அப்புறம் "ஏனுங்க" மட்டும் வந்தது. நான் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்கவில்லை. சோறு வேண்டாம் என்றால் அவள் பிழைப்பாள். ஆனால் அவள் குரல் எனக்கு வராது. இதைவிடக் கேவலமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. நாச்சிமுத்துவைத் திட்டினேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

ஒரு நாள் நான் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். கொஞ்சம் விறைத்தது.

"ஏனுங்க."

"சொல்லு. சீக்கிரம் சொல்லு. கை தாங்காது."

"பசிக்குதுங்க."

"அங்க என்ன இருக்குது?" என்றேன்.

"பருப்புச் சோறு. இப்பத்தான் கொண்டாந்து வெச்சாங்க. ஆவி பறக்குது."

"சாப்புடு."

"எடை கூடுமுங்க."

"கூடட்டும்."

"அறுந்துட்டா நீங்க விழுந்துருவீங்க."

அவள்தான் மேலே இருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் புள்ளியை நான் தினமும் பார்க்கிறேன்.

"நான் கீழதான் இருக்கறேன்," என்றேன். "நீ சாப்புடு."

அப்புறம் தட்டை இழுக்கும் சத்தம் வந்தது. கயிறு விறைத்தது. கையை எடுத்துவிட்டேன். நான் இழுக்காமலே அவள் சத்தம் கேட்டது. முடிச்சு நறநறவென்றது. கிட்டுசாமி அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் பிசைவதும் மெல்லுவதும் விழுங்குவதும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக வந்தது.

"உப்பு சரியா இருக்குதா?" என்றேன்.

"கொஞ்சம் கம்மிங்க."

"இன்னொரு கரண்டி சோறு போடச் சொல்லு."