ஆணியில் தொங்கும் டோக்கன்

1

எங்கள் நிலக்கரி ஊரின் வரலாற்றை எழுதித் தருவதாக ஒரு பத்திரிகைக்காரரிடம் வாயைவிட்டு மாட்டிக்கொண்டேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். முதல் வரி: "மண்ணுக்கடியில் கறுப்புத் தங்கம் இருப்பதை முதன்முதலில் கண்டவர்..."

வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை வாடை அடிக்கிறது. அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"கரியைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. நீ அந்த டோக்கனைப் பத்தி எழுது" என்றாள்.

2

அம்மா சுரங்கத்தின் விளக்கறையில் வேலை பார்த்தவள். கீழே இறங்குகிறவர் தன் பித்தளை டோக்கனை அவள் பலகையில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத் தலைவிளக்கை வாங்கிப் போவார். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை எடுத்துக்கொள்வார். ஆணியில் டோக்கன் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஆள் இருக்கும்வரை, கீழே காற்று அனுப்பும் பெரிய விசிறியை நிறுத்தக் கூடாது.

(அந்த விசிறியின் உறுமலில்தான் நாங்கள் தூங்கிப் பழகினோம். வெளியூரில் படுத்தால் எவருக்கும் கண் ஒட்டாது. எனக்கு இன்றும் அது இல்லாத இரவு ஒரு குறைதான்.)

3

சுரங்கத்தை மூடிய அன்று, ஞாபகமாக இருக்கட்டுமென்று எல்லோரும் டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். ஓயாமல் சீட்டியடிப்பதால் சீட்டி என்றே பெயர் வாங்கியவர் மட்டும் டோக்கனை மறந்துவிட்டு, மகள் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். கையசைத்து வழியனுப்பியதே அம்மாதான்.

மேனேஜர் விசிறியை நிறுத்தச் சொன்னார்.

"எப்படி சார்? ஒரு டோக்கன் தொங்குதே."

"அவர் பஸ் ஏறினதை நானே பாத்தேனேம்மா!"

"நானுந்தான் பாத்தேன். பலகை பாக்கலையே சார்."

விசிறி ஓட்டுகிற அப்பா, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உள்ள ஆள் இருக்கும்போது நான் கை வைக்க மாட்டேன்" என்றார்.

மேனேஜர் வற்புறுத்தவில்லை. (முதலில் எழுதியபோது அவரை வில்லனாக்கியிருந்தேன். பாவம், அவர் பிள்ளைகளும் அங்கேதான் வளர்ந்தார்கள்.) விசிறி அன்று நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. மூட்டை கட்டியவர்கள்கூடப் புறப்படாமல் வாசலில் நாற்காலி போட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

4

ஒரு முடிவு எழுதினேன்: சீட்டியே திரும்பி வந்து டோக்கனை எடுக்கிறார். ஃபோனில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவர் எங்கடி வந்தாரு?"

இன்னொன்று: மேனேஜர் எடுக்கிறார்.

"சேச்சே. அந்த மனுஷன் விளக்கறைப் பக்கமே வரலை."

"அப்போ யாரும்மா எடுத்தது?"



"எத்தனை நாளைக்குடி வெறும் பள்ளத்துக்குக் காத்து அடிக்கிறது? யாராவது எடுத்துத்தானே ஆகணும்? ஊரை நிறுத்தின கை இன்னாரோடதுன்னு மட்டும் எழுதிடாத. அடுப்புல பால் இருக்கு, வைக்கிறேன்."

5

கடைசியில் அந்த டோக்கனைக் கழற்றியது

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்தக் காகிதத்தில் டோக்கன் இன்னும் தொங்குகிறது, விசிறி ஓடுகிறது, வாசல்களில் நாற்காலிகள் அப்படியே கிடக்கின்றன. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணி கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. யார் எடுத்தது என்று எவராவது கேட்டால் நான் உங்களைத்தான் காட்டுவேன். அம்மா இனியாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.