பதினோராம் நிமிடத்தில் மூன்று பேர்

எங்கள் ஊரில் கணவனும் மனைவியும் பிரிய வேண்டுமென்றால் இருவரையும் குழாயில் விட வேண்டும். தண்ணீர் அழுத்தித் தள்ளும். சுவரில் ஒட்டுகிறவர் பிந்தி வருவார், ஒட்டாதவர் முந்தி வருவார். வந்து விழுவது மூடிய தொட்டியில்; யார் எப்போது வந்தார் என்பது கருவி கோடு போடும் தாளில் மேடாகத் தெரியும். இரண்டு மேடு என்றால் பிரிவு. ஒரே மேடு என்றால் ஏழு வருஷத்துக்குப் பிரிவு பற்றி வாய் திறக்கக்கூடாது. நான் அங்கே குழாய் கழுவுகிறவள்.

வியாழக்கிழமை செவந்தியும் அவள் வீட்டுக்காரர் தவசிமுத்துவும் வந்தார்கள். சண்டை ஒன்றுமில்லை. செவந்தி என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "நான் சொல்ல வர்றதை அவரே முந்திச் சொல்லிடுறாரு, பெரியம்மா. நான் பேசி ரெண்டு வருஷமாச்சு."

எண்ணெய்ப் பிசுக்கைத்தான் சுவர் பிடிக்கும் என்று விசாரித்து வைத்திருந்தாள். முந்தி வர வேண்டுமென்று மூன்று தடவை சீயக்காய் தேய்த்துக் குளித்திருந்தாள். அவரும் அதையே யோசித்து மூன்று தடவை தேய்த்திருந்தார். பதினோராம் நிமிடம் ஒரே மேடு.

தொட்டிக்குள்ளிருந்து, "இன்னொரு தடவை பாருங்க சார்" என்று குரல் வந்தது. செவந்தி சொல்ல வந்ததுதான். குரல் தவசிமுத்துவுடையது.

அதிகாரி ஜெபமணி சார் குழாய் முடிகிற இடத்தில் நுட்பமான எடைக் கருவியைப் பூட்டி மறுபடி விட்டார். சேர்ந்தே வந்தாலும் அது ஆளாளுக்கு எடை பிரித்துச் சொல்லிவிடும். மறுபடியும் பதினோராம் நிமிடம். கருவி மூன்று பேர் என்றது.

மூன்றாவது ஆள், செவ்வாய்க்கிழமை மகனுக்குத் துணையாகக் குழாய்க்குள் போன ஒரு ஆச்சி. தலை நிறைய நல்லெண்ணெய், சுவரில் ஒட்டிக்கொண்டுவிட்டார்; இப்போதுதான் இவர்களோடு கழன்று வந்திருக்கிறார். ஒவ்வொரு ஜோடிக்குப் பிறகும் அரைமணி நேரம் வெறும் தண்ணீர் விட வேண்டும். அன்றைக்கு ஒரு காதுகுத்துக்குப் போகும் அவசரத்தில் நான் விடவில்லை. ஜெபமணி சார் கேட்டார், சொன்னேன், எழுதிக்கொண்டார்.

மூன்று பேர் என்றால் சட்டத்தில் இடமுண்டு. இருவர் ஜோடியாக இருந்துகொண்டு ஒருவர் போகலாம். ஆச்சி ஏதோ கேட்க வாயெடுத்தார். தவசிமுத்து அதற்குள் கேட்டு முடித்தார். "எனக்கு இது வசதியா இருக்கு" என்றார் ஆச்சி. மகனுக்கு ஆள் அனுப்பினோம். அங்கேயே இருக்கட்டும் என்றாராம்.

செவந்தி வாயைத் திறந்து கொஞ்ச நேரம் காத்திருந்தாள். யாரும் முந்திச் சொல்லவில்லை.

"வர்றேன் பெரியம்மா" என்றாள்.

பேருந்து வரை கூடப் போனேன். கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்து அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அவளும் பாதி இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.