ஜன்னல் விளிம்பில் ஒரு சுவடு

இன்றும் அணியின் பிசியோதெரபி அக்கா நெட்டையை மட்டும் தடுத்தாள்.

மைதானத்தைச் சுற்றி ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகு, ரிலே அணிப் பெண்கள் தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, விரலைத் தொடக் குனிந்தார்கள். நெட்டையும் குனியப் போனாள்.

"நீ வேணாம். மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் தூக்கி நிறுத்து."

"எனக்குத்தான்க்கா பின்தொடை கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு."

"சொன்னதைச் செய்."

பக்கத்தில், எல்லோரும் சுண்டெலி என்று கூப்பிடும் குட்டைப் பெண் நெற்றி முழங்காலில் படும்படி மடங்கிக் கிடந்தாள். "என்ன நெட்டை, குனிஞ்சா தரைக்கு வந்து சேர நேரமாகும்னு அத்தை பாவம் பாக்குறாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டைக்குச் சிரிப்பு வரவில்லை. சுண்டெலி, பிசியோ அக்காவுடைய அண்ணன் மகள். அணியில் மாற்று ஆள். நெட்டையின் கால் பிசகினால், ரிலேயில் அவள் ஓடும் கடைசி ஓட்டம் சுண்டெலிக்குத்தான். அந்தக் கால் இறுகிக்கொண்டே போகிறது. அக்காவோ நீட்டக் கூடாது என்கிறாள், காரணம் சொல்வதில்லை. அத்தை சொல்லாத காரணத்தை அண்ணன் மகளின் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள் நெட்டை.

தேடியது கிடைத்துவிட்டதாகவே அவளுக்குப் பட்டது. எல்லோரும் கிளம்பியதும் சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஜன்னல் விளிம்பில் குதிகாலை வைத்து, முழங்கால் மடங்காமல், வலி பல்லைக் கடிக்க வைக்கும்வரை குனிவாள். சற்று நேரம் கால் இலேசாகும். மறுநாள் முன்னைவிட மோசமாக இருக்கும். அதையும் அக்காவின் கணக்கில் எழுதினாள்.

போட்டி நாள் காலையில் அக்கா அவளை அதே அறைக்குக் கூப்பிட்டாள். ஜன்னல் விளிம்பு முழுக்கத் தூசி. ஒரே ஓர் இடத்தில் மட்டும், குதிகால் அகலத்துக்கு, மரம் பளபளத்தது.

"நம்ம அணியில இவ்வளவு உயரத்துக்கு யாரு காலு எட்டும்?"

வெளியே யாரோ தடை வேலிகளை இழுத்துப் போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

"உங்க அண்ணன் பொண்ணு ஓடணும்னுதானே என்னை நீட்ட விடல?"

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்படியா நினைச்சே?"

"வேற என்ன நினைக்கிறது? வாயைத் திறந்து காரணம் சொன்னீங்களா?"

"சொல்லல. சொல்லியிருக்கணும்." தன் கைகளையே பார்த்தாள். "நாற்காலியில உக்காந்தா எங்க வலிக்குது?"

நெட்டை தயங்கி, உட்காரும் எலும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"அது இறுக்கம் இல்லடி, புண். தசை எலும்போட ஒட்டுற இடம் நைஞ்சு போயிருக்கு. நீ குனியக் குனிய எலும்பு அதைப் போட்டு அழுத்தும். அதுக்குத்தான் நீட்டாம பலம் ஏத்தப் பார்த்தேன். அவளுக்கு அந்த இடம் நல்லாயிருக்கு, அவ நீட்டலாம்."

சொன்னவிதம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததே உறுத்தியது. கடைசி நேரத்தில் என்னை உட்கார வைக்க இதைவிடத் தோதான பேச்சு உண்டா?

அக்காவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். "என்னை நம்ப வேணாம். அந்த வலிக்கிற ஒத்தைக் கால்லயே குதிச்சுப் பாரு."

குதித்தாள். ஒன்றுமில்லை. இரண்டாவது முறை தரையில் ஊன்றியதும் புட்டத்தின் அடியில் யாரோ கத்தியைச் சொருகியதுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தன்னால் ஓட முடியாதென்று கோச்சிடம் அவளே போய்ச் சொன்னாள்.

மாலையில் கடைசி ஓட்டத்துக்கான தடியை வாங்கிக்கொண்டு சுண்டெலி பாய்ந்தபோது, கூட்டம் எழுந்து கத்தியது. ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெட்டை தடத்தைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் மகள் முந்தும்போது அந்த முகம் எப்படி மலர்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அக்காவும் தடத்தைப் பார்க்கவில்லை. குனிந்து நெட்டையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் அது முழங்கால் விறைக்க நீண்டு, பாதம் மேல்நோக்கி வளைந்திருந்தது.

"காலை மடக்குடி," என்றாள்.

நெட்டை மடக்கினாள்.