சுகிர்தத்தின் முறை

இன்னும் பக்கத்தைத் திருப்பவில்லை, திருப்பினால் இடப்பக்கத்தின் அடியில் அது இருக்கும், நேற்று அவர் வேலைக்குப் போன பிறகு வேதத்தை எடுத்துப் பார்த்து வைத்ததுதான், பார்த்திருக்க வேண்டாம், பார்க்காமல் இருந்திருந்தால் லேயாம்மாவும் மற்றவர்களைப்போல முறை வரும்வரை பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்... இந்த வீட்டில் விடிகாலை ஜெபம் என்றால் பாயை விரித்து நான்கு பேரும் அவரவர் வேதத்தோடு வட்டமாய் உட்கார்ந்து ஆளுக்கொரு வசனமாய்ப் படிப்பது, முதலில் அவர், புருஷன் மாசிலாமணி, அடுத்து அவருடைய அக்காள் இரட்சணியம், பிறகு லேயாம்மா, கடைசியில் மகள் சுகிர்தம், மறுபடி அவர். எல்லாருமே தங்கள் வசனம் எது என்று முன்கூட்டி எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள், வாயால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சின்னப் பெண்ணாய் இருந்தபோது சுகிர்தம் தனக்கு ஒற்றை வரி வசனம் வந்தால் வாயைப் பொத்திச் சிரிப்பாள், நாக்கில் நுழையாத ராஜாக்களின் பெயர் வந்தால் அத்தைமேல் தள்ளிவிட முடியுமா என்று பார்ப்பாள். லேயாம்மாவும் எண்ணினாள். விரலை ஒவ்வொரு வசனத்தின்மேலும் வைத்து, அவர், அக்காள், நான், சுகிர்தம், அவர், அக்காள், நான், சுகிர்தம்... இரண்டுமுறை எண்ணியும் அது சுகிர்தத்தின் மேல்தான் விழுந்தது. குஷ்டரோகி துணியைக் கிழித்துக்கொண்டு, வாயை மறைத்துக்கொண்டு, தான் தீட்டு என்று தானே கூவவேண்டும் என்கிற வசனம்.

இரட்சணியம் படிக்கிறாள், தோலில் தடிப்பு, வெள்ளைப் படர், ஆசாரியன் பார்க்கவேண்டும், ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடி பார்க்கவேண்டும், பார்க்கவேண்டும், பார்க்கவேண்டும் என்றே அதிகாரம் முழுவதும் வருகிறது, யாரோ ஒருவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல... அந்தக் கையை முதலில் பார்த்தவள் லேயாம்மாதான். கஞ்சி வடிக்கும்போது சட்டியின் விளிம்பு சுகிர்தத்தின் முழங்கைக்குக் கீழே பட்டிருக்கிறது, பெண் ஒரு சத்தம் போடவில்லை, சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்து, இதெப்படி வந்துச்சும்மா, என்று அவளே கேட்டாள். கொப்புளத்தைச் சுற்றி வெளிறிய வட்டம், தேமல் என்றுதான் ஆறு மாதமாய் வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள். வண்ணாரப்பேட்டையில் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அந்த டாக்டர் நல்ல மனுஷர், கண்ணை மூடிக்கோம்மா, நான் தொடும்போதெல்லாம் சொல்லு என்றார், பஞ்சால் தொட்டார், பிறகு குண்டூசியால் தொட்டார், சுகிர்தம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எப்போது தொடுவார் என்று காத்திருக்கிற முகம், அவர் குத்திக்கொண்டே இருந்தார், சொல்லுடி, சொல்லுடி என்று லேயாம்மாவுக்குத் தொண்டைவரை வந்தது, ஊசி முனையில் ஒரு சிவப்புப் புள்ளி, பெண் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்... பயப்படாதீங்க, இப்போ மாத்திரை இருக்கு, ஆரம்பத்துலேயே வந்திருக்கீங்க, சில வருஷம் விடாம சாப்பிட்டா நல்லாயிடும் என்றார். சில வருஷம். கல்யாணம் அடுத்த மாதம்.

லேயா, உன் வசனம், என்றார் அவர்.

படித்தாள். எதைப் படித்தாள் என்று தெரியாது, விரல் போன இடத்தில் வாய் போனது. மாசிலாமணி தலையசைத்தார், துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுகிற குமாஸ்தா, வேதம் படிக்கும்போதும் அதே தலையசைப்பு, ஒன்று சரி, ஒன்று சரி என்று. முன்பெல்லாம் இப்படி இல்லை, சங்கீதத்தில் பிடித்ததாய் ஒன்று, சுவிசேஷத்தில் ஒரு கதை, அதோடு காப்பி. பந்தல் போட்டு நடந்த எழுப்புதல் கூட்டத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தார் பாருங்கள், அன்றைக்கு மாறியது, வெற்றிலைச் செல்லம் கடலுக்குப் போயிற்று, லேயாம்மாவின் கம்மல் உண்டியலுக்குப் போயிற்று, பரிசுத்தம் என்றால் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை இல்லை, தினமும் தோய்க்கிற சட்டை என்றார், அதற்குத் தினமும் வேதம் வேண்டும், தித்திப்பான இடமாய்ப் பொறுக்கித் தின்னக்கூடாது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வசனமும் விடாமல். விடவில்லை. சின்னவன், சுகிர்தத்தின் தம்பி, காய்ச்சலில் போன அன்று விடிகாலை, பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்தது, அன்றைய பகுதி கோத்திரங்களின் பெயர்ப் பட்டியல், இன்னார் இன்னாரைப் பெற்றான், இன்னார் இன்னாரைப் பெற்றான்... அவர் படித்தார், லேயாம்மாவையும் படிக்கச் சொன்னார், படித்தாள், அதற்காக அவரை வெறுத்தாள், பிறகு எப்படியோ அந்த வெறுப்பே அவளைப் பிடித்து நிறுத்தியது, இந்த மனுஷன் எதற்கும் வளைய மாட்டார் என்பது சாய்ந்துகொள்ள ஒரு சுவர்போல இருந்தது. அந்தச் சுவரிடம் போய் எப்படிச் சொல்வது, உங்கள் மகளுக்குப் பெரிய வியாதி என்று? சொன்னால் அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு பாதிரியார் வீட்டுக்குப் போவார், அங்கிருந்து திருவொற்றியூருக்கு, மாப்பிள்ளை தேவவரத்தின் வீட்டுக்கு, தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிற அமைதியான பையன், அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் திரும்பி வருவார், அதுதான் சரியும்கூட, அதுதான் சரி என்று அவளுக்குத் தெரியாதா...

சுகிர்தம் தன் வசனத்தைப் படித்தாள். குரல் நடுங்கவில்லை. அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று, பக்கம் திரும்பிவிட்டது.

போன ஞாயிறு கோவிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். மாசிலாமணி குமாரத்தி சுகிர்தத்துக்கும் இன்னார் குமாரன் தேவவரத்துக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவேண்டும் என்று பாதிரியார் சபை முன் நிதானமாய் வாசித்தார், லேயாம்மா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், அறிந்தவள் நான் ஒருத்திதானே, வாயைத் திறக்கவில்லை, திறக்காமலே இராப்போஜன அப்பம் வாங்கவும் எழுந்து போனாள், அந்த அப்பம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. வருகிற ஞாயிறு இரண்டாவது ஓலை. கல்யாணம் ஆகட்டும், மாத்திரையை ஒளித்துச் சாப்பிடட்டும், நல்லாயிடும் என்றாரே டாக்டர், யாருக்குத் தெரியப்போகிறது... தேவவரம் பெண் பார்க்க வந்தபோது கேட்டது ஒன்றே ஒன்று, நாமும் காலையில் இப்படிச் சேர்ந்து வாசிக்கலாமா என்று, சுகிர்தம் தலையாட்டினாள். அவனுக்குத் தெரியவேண்டாமா? அப்புறம் யார் கட்டுவார்கள் இவளை? கட்டாமல் போனால் என்ன, ஆனால் ஊர் பேசுமே, குழாயடியில் குடத்தைத் தள்ளிவைப்பார்களே, சபையில் ஒரே பாத்திரத்தில் குடிக்கமாட்டார்களே...

இன்னும் இரண்டு சுற்று. வழி நேற்றே யோசித்து வைத்ததுதான், தன் முறை வந்தபோது லேயாம்மா ஒரு வசனத்தை முடித்து, மூச்சு விடாமல் அடுத்ததையும் படித்துவிட்டாள். அவ்வளவுதான், வட்டம் ஒன்று தள்ளிப்போகும், அந்த வசனம் பெண்ணைத் தாண்டி அவள்மேலேயே விழும். விழட்டும். நான் கூவுகிறேன் தீட்டு என்று, எனக்குத்தானே அது பொருந்தும்.

“இன்னாம்மா லேயா, ரெண்டு வசனம் பூட்டே,” என்றாள் இரட்சணியம்.

“கண்ணு மங்கலா கீதுக்கா.”

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார், போகட்டும், சுகிர்தம், நீ அடுத்ததைப் படி, என்றார். சுகிர்தம் உடனே படிக்கவில்லை, அம்மாவின் விரலைப் பார்த்தாள், பிறகு பக்கத்தின் அடிவரை கண் போய்வந்தது, பிறகுதான் படித்தாள். அப்போது வாசலில் கூடை இறங்கிய சத்தம், மீன்காரி கன்னியம்மா, ஜெபத்தின் நடுவில் யாரும் எழக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம், அது அவளுக்கும் தெரியும், தெரிந்தே வம்புக்கு நிற்பவள்.

“இன்னா மாமு, இன்னும் முடியலியா? உங்க சாமிக்கு ஒருத்தர் சொன்னா காதுல வுயாதா, நாலு பேரு மாத்தி மாத்திச் சொல்லிகினு கீறீங்க? வெயிலு வந்தா என் மீனு நாறிப்பூடும்.”

எப்போதும் சுகிர்தத்தின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். இன்று வரவில்லை. மாசிலாமணி தன் வசனத்தைப் படித்தார், அடுத்தது இரட்சணியம், அவள் வாயைத் திறந்தாள், தும்மினாள், ஒன்று, இன்னொன்று, நிற்கவில்லை. பொடி. விடிவதற்கு முன்பே கொல்லையில் போய் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு வந்திருக்கிறாள், புகையிலைச் சம்பந்தமானது எதுவும் கூடாது என்ற இந்த வீட்டில் அவள் பொடி போடுவது எல்லாருக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும், தெரியாததுபோல ஜலதோஷத்துக்குக் கஷாயம் வைக்கச் சொல்வார்...

“பாவம், அத்தைய வுடுங்கப்பா,” என்றாள் சுகிர்தம். “அம்மா, நீ படி.”

“நான் எதுக்கு, அக்காவுக்குத் தும்மல் நிக்கட்டும்...”

“நேரமாவுது. நீ படிம்மா.”

வேறு வழியில்லை, படித்தாள், படித்துக்கொண்டிருக்கும்போதே கணக்கு புரிந்தது, அக்காளின் வசனத்தை நான் படித்துவிட்டால் என் வசனம் யாருடையது... சுகிர்தத்தினுடையது. அந்தப் பாழாய்ப்போன தும்மல். கடைசிச் சொல்லை முடிக்காமல் இழுத்தாள், எவ்வளவு நேரம் இழுக்கமுடியும், முடிந்தது. சுகிர்தம் விரலை வசனத்தின்மேல் வைத்தாள், மூச்சை இழுத்தாள், வாய் திறந்தது.

“போதும்,” என்றார் மாசிலாமணி. வேதத்தை மூடினார். “மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம். சீக்கிரம் போவணும், கப்பல் வந்திருக்கு.”

“என் முறைப்பா.”

“நாளைக்கு.”

“இந்த ஒண்ணு மட்டும்பா.”

“சொன்னேன் இல்ல? முழங்கால் போடுங்க.”

இரட்சணியம் தும்மலை மறந்து தம்பியைப் பார்த்தாள். லேயாம்மா கைகளைக் குவித்துக்கொண்டாள், கை மரத்துப்போயிருந்தது. கப்பல் இல்லை. நேற்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அவர்தான் சொன்னார், இந்த வாரம் எங்க பக்கம் கப்பலே கிடையாது, சும்மா உட்கார்ந்துவிட்டு வரவேண்டும் என்று. வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு பொய். இந்த மனுஷன். அப்படியென்றால்... அப்படியென்றால் இவருக்குத் தெரியும். எப்போதிலிருந்து? கல்யாண ரவிக்கையை மணிக்கட்டுவரை தைக்கச் சொன்னாரே, ஓலை வாசிப்பதற்கும் முன்னால், தேவபிள்ளைக்கு அடக்கம்தான் அலங்காரம் என்று, வீட்டில் போடுவதையும் அப்படியே தை என்று, இந்தப் புழுக்கத்தில். பரிசுத்தம் என்று அவள் நினைத்தாள், உள்ளுக்குள் நன்றிகூடச் சொன்னாள், நல்லவேளை இவருடைய கண்டிப்பு எனக்கு உதவுகிறது என்று. அவர் மறைத்துக்கொண்டிருந்தார். சபையில் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவேண்டும் என்றபோது ஆண்கள் பக்கத்தில் அவரும் உட்கார்ந்துதான் இருந்தார், அவரும் எழுந்துபோய் அந்த அப்பத்தை வாங்கினார். அவளுக்கு ஆறுதலாய் இருந்திருக்கவேண்டும், பாவத்தில் துணைக்கு ஆள் இருக்கிறது, இனி ஒளிக்கத் தேவையில்லை, இருவரும் சேர்ந்து பேசலாம், அழலாம். ஆறுதலாய் இல்லை. என்றைக்காவது இவர் கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்து அந்தப் பையனிடம் சொல்லிவிடுவார், நான் சொல்லவேண்டியதை எனக்காக இவர் சொல்லிவிடுவார் என்றுதான் இத்தனை நாளாய் இவரிடம் ஒளித்தாளா? இப்போது அவரும் சொல்லமாட்டார். இந்த வீட்டில் சொல்ல ஆளில்லை.

அவர் ஜெபிக்கிறார், இந்தக் குடும்பத்தைக் கறை திரை இல்லாமல் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்கிறார், தினமும் சொல்கிற வார்த்தைதான், இன்று இடையில் ஒரு மூச்சு தடுக்கியது, தெருவில் கரி வண்டி ஒன்று கடகடவென்று துறைமுகத்தை நோக்கிப் போகிறது, கன்னியம்மா வாசலில் யாரிடமோ காசு பேசிக்கொண்டிருக்கிறாள்... லேயாம்மா கண்ணைத் திறந்தாள், ஜெபத்தில் கண்ணைத் திறப்பது எத்தனை வருஷத்துக்குப் பிறகோ. சுகிர்தம் முழங்கால் போட்டிருக்கவில்லை. உட்கார்ந்தபடியே இருந்தாள், வேதம் விரித்தபடி, விரல் எடுக்காமல், உதடு மட்டும் அசைந்தது, சத்தமில்லாமல் அதைப் படித்துக்கொண்டிருந்தாள், முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அத்தைய வுடுங்கப்பா என்றாளே, அம்மா நீ படி என்றாளே... அவளும் எண்ணியிருக்கிறாள். நான் தள்ளிவிட்டதை அவள் தன்மேல் இழுத்துக்கொண்டிருக்கிறாள், தும்மலைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள். அது அவளுக்கு வேண்டியிருந்தது. தன் வாயால், சத்தமாய், நாங்கள் மூன்று பேரும் கேட்க ஒரு தடவை... பெண்ணுக்காக, பெண்ணுக்காக என்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்தப் பஸ்ஸிலிருந்தே ஒளித்தோமே, பெண்ணே, உனக்கு என்ன செய்யவேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

ஆமென் என்றார் அவர். ஆமென் என்றாள் இரட்சணியம். லேயாம்மாவுக்கு வாய் திறந்தது, சொல் வரவில்லை. சுகிர்தம் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பாவை அல்ல, அம்மாவை, எத்தனை நாளாய் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று லேயாம்மாவுக்குத் தெரியவில்லை.