அவளுக்கு ஒத்துக்கொள்ளாத சாலை

அந்தக் குடும்பத்துக்கு விரைவுச்சாலை ஆகாது. யாருக்கு ஆகாது என்று சொந்தக்காரர்களைக் கேட்டால், வீட்டம்மாவுக்குத்தான் என்று ஒரே குரலில் சொல்வார்கள். வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், அவளுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் எங்கே போவதானாலும் பழைய ரோடுதான். ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து, பள்ளிக்கூட வாசலில் நின்று, டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து, ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்வார்கள். விருந்துக்குப் போனால் மற்றவர்கள் கை கழுவிக்கொண்டிருப்பார்கள்.

அவள் கைப்பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். காரில் ஏறியதும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அதைப் பார்த்துப் பார்த்து அவள் தங்கை வைத்த பெயர்தான் எலுமிச்சை. எந்த வீட்டு விசேஷமானாலும் தங்கை போன் போட்டு, எலுமிச்சை புறப்பட்டாச்சா, இல்லை இனிமேல்தான் மரம் நடப்போகிறாளா என்று கேட்பாள். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பது இங்கே வரை கேட்கும். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

உண்மை என்னவென்றால், விரைவுச்சாலை ஆகாதது அவளுடைய கணவருக்கு. இது தனக்கு மட்டுமே தெரிந்த சங்கதி என்று அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

அவர் பல் செட் செய்கிறவர். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேர்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு கடைவாய்ப் பல்லுக்கே அரைப்பொழுது எடுத்துக்கொள்கிற ஆள். கூட வேலை செய்கிறவர்கள் அவரை ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் இருக்கிற பல் மருத்துவர்களுக்குச் செய்ததை அவரே காரில் கொண்டுபோய்க் கொடுப்பார், அதுவும் பழைய ரோட்டில். வேகமாகப் போனால் குலுங்கும், மெழுகில் நட்ட பல் நகர்ந்துவிடும் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். பழைய ரோட்டில்தானே குண்டும் குழியும் அதிகம் என்று ஒரு மருத்துவருக்காவது கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். படித்தவர்கள், கேட்கவில்லை.

பயம் எப்போது வந்தது என்பதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கார் வாங்கிய புதிது. பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், கைக்குழந்தை. விரைவுச்சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் ஒரு லாரி, அந்தப் பக்கம் ஒரு லாரி, நடுவில் இவர். அப்போது கை இரண்டும் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. மூச்சு இழுத்தால் பாதியில் நின்றது. காலை எடுத்துப் பிரேக்கில் வைக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இதோ எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் மனைவி சொன்னாள்.

“என்னங்க, ஓரமா நிறுத்துங்க. எனக்குக் குமட்டுது.”

அதுவரை கேட்காத கால் அந்தச் சொல்லுக்குக் கேட்டது. ஓரம் கட்டினார். அவள் இறங்கி வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். இவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, சட்டையால் முகத்தைத் துடைத்து, நடுக்கம் அடங்கும் வரை மூச்சு வாங்கினார். அப்பாடா, நல்ல நேரத்தில் இவளுக்குக் குமட்டல் வந்தது என்று நினைத்தார். அன்றிலிருந்து அந்தக் குமட்டலின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். தங்கை வீட்டார் அவளைக் கேலி செய்யும்போது மட்டும் கொஞ்சம் உறுத்தும். உறுத்தலை மென்று விழுங்கிவிடுவார்.

அந்த நிம்மதியில் மண் அள்ளிப் போட்டவர், அவள் வேலை செய்கிற கடையின் வேன் ஓட்டுநர். திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கிற கடை அது. ஓட்டுநர் தன் அம்மாவின் பல் செட்டைச் சரிபார்க்கக் கொண்டுவந்தவர், கீழ்வரிசையை இவர் ராவிக்கொண்டிருக்கையில் பேச்சுக் கொடுத்தார். போன வாரம் ஒரு பெரிய ஓட்டலுக்குத் திரை மாட்ட எல்லோரும் வேனில் போனார்களாம். அக்கா மாதிரி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் வண்டி ஓட்டுவதே தனிச் சுகம் என்றார்.

“முன் சீட்டுதான் வேணும்னு சண்டை போட்டு வாங்கிக்கிட்டாங்க சார். ஹைவேல ஏறினதும் கண்ணாடிய இறக்கிவிட்டு, கடலைய கொறிச்சுக்கிட்டே, அந்த பஸ்ஸ முந்துங்க, இந்தக் கார முந்துங்கன்னு ஒரே உற்சாகம். எனக்கே பயம் வந்துடுச்சுன்னா பாத்துக்கங்க.”

இவர் கையில் இருந்த கீழ்வரிசை நழுவி மேஜையில் விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை. வேறு யாரையாவது சொல்கிறீர்களா என்று கேட்டார். கடையில் அக்கா என்று ஒருவர்தான், உங்கள் வீட்டம்மாதான் என்று ஓட்டுநர் அடித்துச் சொன்னார்.

அன்று பிற்பகல் முழுக்க வேலை ஓடவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவள் கண்முன் வந்து வந்து போனாள். அவள் அன்று வாந்தி எடுக்கவே இல்லை. ஒரு தடவைகூட எடுத்ததில்லை. பல்லின் பின்பக்கத்தில் மயிரிழை பிசகு இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண், பக்கத்து சீட்டில் இருந்ததைப் பார்க்காமல் போயிருக்கிறது. தான் அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாக நினைத்தோமே, ஒளிய இடம் கொடுத்ததே அவள்தானா என்று நினைத்தார். அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது, இரண்டில் எதற்கு முதலில் இடம் விடுவதென்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட நினைத்தார். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு கழுத்துத் தலையணை தைத்துக்கொண்டிருந்தாள். தங்கை தன் மகனோடு இருக்க வெளிநாட்டுக்கே குடிபோகிறாள். விமானத்தில் கழுத்து வலிக்காமல் தூங்க வேண்டுமாம். இனி அவளை எப்போது பார்ப்பேனோ என்று சொல்லிக்கொண்டே அவள் நூலைப் பல்லால் கடித்தாள். இவர் கேட்க வந்ததை விட்டுவிட்டு, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார்.

ஆனால் மறுநாள், மருத்துவர்களுக்குக் கொடுக்கப் போகும் வழியில், விரைவுச்சாலை ஏறுகிற ரவுண்டானாவை மூன்று முறை சுற்றினார். ஒவ்வொரு முறையும் அந்த ஏறுவழி வரும்போது கை தன்னால் அடுத்த பக்கம் திரும்பியது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். கடைசியில் பழைய ரோட்டிலேயே போனார். மெழுகுப் பற்கள் பெட்டிக்குள் குலுங்கிக்கொண்டே வந்தன.

தங்கை புறப்படுகிற நாள் வந்தது. விமானம் மாலையில் என்பதால், இவர்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். அவள் நல்ல சேலை கட்டி, மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டாள். பாதி தூரம்கூடப் போகவில்லை, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் தடுப்பு. பாலத்தில் விரிசலாம், கார்கூட விடமாட்டார்களாம். அங்கே நின்ற காவலர், திரும்பிப் போய் விரைவுச்சாலையைப் பிடியுங்கள், அது ஒன்றுதான் வழி என்று கையைக் காட்டினார்.

இவர் வண்டியைத் திருப்பி ஒரு மரத்தடியில் நிறுத்தினார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“விடுங்க, வீட்டுக்குப் போயிடலாம். எனக்குத்தான் அந்த ரோடு ஒத்துக்காதே. அவகிட்ட போன்ல பேசிக்கிறேன்.”

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பால் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் கை தலையணையின் தையலை விரலால் நீவிக்கொண்டே இருந்தது, இல்லாத பிசிறை எடுப்பது போல. இவர் அந்த விரலைப் பார்த்தார். கூடப் பிறந்தவளைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதைக்கூட எனக்காக விட்டுக்கொடுக்கிறாள், அதையும் தன் குற்றமாகவே சொல்கிறாள். அவருக்குத் தன்மேல் வந்த கோபத்தில் சாவியை இரண்டு முறை திருகினார். இன்ஜின் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்ததால் அது கிறீச்சென்று கத்தியது.

நேராக ரவுண்டானாவுக்கு வந்தார். இந்த முறை கையைத் தன் போக்கில் விடவில்லை.

ஏறிவிட்டார். இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது, அணைக்கத் தோன்றவில்லை. ஒரு பேருந்து வீரிட்டுக்கொண்டு போனது, கார் முழுதும் அசைந்தது. உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. முன்னால் தண்ணீர்த் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு கிழட்டு லாரி போனது. அதன் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார். அந்தக் கறுப்புத் தொட்டிகளைத் தவிர உலகத்தில் வேறு எதையும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பக்கம் இன்னொரு லாரி வந்து சேர்ந்தது. மூச்சு பாதியில் நின்றது. கை ஒட்டிக்கொண்டது.

“என்னங்க, ஓரமா நிறுத்துங்க. எனக்குக் குமட்டுது.”

அதே சொல், அதே குரல். அன்று இருபது சொச்சம் வயதில் சொன்னாள், இன்று நரைத்த பிறகு சொல்கிறாள். இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓரம் கட்டிவிடலாம். அவள் இறங்கி வேலியோரம் குனிந்து நிற்பாள், இவர் முகத்தைத் துடைத்துக்கொள்வார், தங்கை பறந்துவிடுவாள்.

“உனக்கு ஒண்ணும் இல்ல,” என்றார் அவர். குரல் உடைந்து வந்தது. “எனக்குத்தான் பயமா இருக்கு.”

இத்தனை வயதில் அந்த வாக்கியத்தை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்து லாரி கடந்து போனது.

“தெரியும்,” என்றாள் அவள்.

“வேன் டிரைவர் சொன்னாரு. நீ பஸ்ஸ முந்தச் சொன்னியாமே.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிப்பினூடே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். “நான் என்ன பண்றது. காத்து மூஞ்சில அடிச்சா எனக்குப் பிடிக்கும்.”

“இவ்வளவு வருஷம் ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க சொல்லல. சரி, குமட்டலே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். நாலு பேர் என்னைக் கேலி பண்ணினா நான் சிரிச்சுக்குவேன். உங்களைப் பண்ணினா நீங்க சாப்பிட மாட்டீங்க.”

உண்மைதான். அவர் சாப்பிட்டிருக்க மாட்டார். அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி, சாலையை மறைக்காமல் அவர் மூக்கருகே கொண்டுவந்து பிடித்தாள். இழுத்து மூச்சு விடச் சொன்னாள். விட்டார். மூச்சு உள்ளே முழுதாகப் போய்த் திரும்பி வந்தது. லாரியை முந்த வேண்டாம், இதன் பின்னாலேயே போகலாம், இதுவும் போய்ச் சேரத்தானே போகிறது என்றாள். அப்படியே போனார்கள். கார்களெல்லாம் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போயின. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை மட்டும் வெளிக்காற்றில் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள். பழத்தைப் பிடித்திருந்த மற்றக் கை அசையவே இல்லை.

விமான நிலைய வாசலில் தங்கை பெட்டிகளோடு நின்றிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் நம்ப முடியாமல் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். பாலம் மூடிய செய்தியைக் கேட்டு, இனி எங்கே வரப்போகிறார்கள் என்று அழுது முடித்திருந்தாளாம். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் பழைய வாய் திரும்பிவிட்டது. ஹைவேயிலா வந்தீர்கள், எலுமிச்சை எத்தனை இடத்தில் இறங்கினாள், காரைக் கழுவியாச்சா என்று சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் வழக்கம்போலச் சிரிக்க வாயைத் திறந்தாள்.

“அவளுக்கு எந்தக் காலத்திலும் ஒண்ணும் இல்ல,” என்றார் இவர். நெஞ்சு லாரிகளுக்கு நடுவில் அடித்துக்கொண்டதைவிட வேகமாக அடித்துக்கொண்டது. “ஹைவேன்னா பயம் எனக்குத்தான். அதை மறைக்க அவ இவ்வளவு நாளா குமட்டுதுன்னு சொல்லிக்கிட்டு வந்தா. இனிமே யாரையாவது கேலி பண்ணணும்னா என்னைப் பண்ணுங்க.”

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் இளகிவிட்டது.

“அக்காவ விட்டுக்கொடுக்காம இருக்க என்னவெல்லாம் சொல்றீங்க அத்தான்,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவளுக்கு உங்கள மாதிரி ஒருத்தர் கிடைச்சிருக்காரு. நான் தைரியமா ஊருக்குப் போவேன்.”

இல்லையம்மா, நிஜமாகவே நான்தான் என்று அவர் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவருடைய பெருந்தன்மை கூடிக்கொண்டே போனது. அம்மாவை அழைத்துப்போக வந்து, பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்த தங்கை மகன்கூட நின்று அவரை மரியாதையாகப் பார்த்தான். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தங்கையின் கழுத்தில் தலையணையை மாட்டி, தையல் உறுத்துகிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குவதில் அவள் தோள் குலுங்கியது.

தங்கை கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்க் கைகாட்டி மறையும் வரை நின்றார்கள். அவள் அழுதாள், இவர் தோளில் தட்டிக்கொடுத்தார். பிறகு காருக்கு வந்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீறின பழத்தைக் கைக்குட்டையில் சுற்றி அவர் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

“இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும்,” என்றாள். “அப்புறம், திரும்பிப் போகும்போது ஒரே ஒரு பஸ்ஸ மட்டும் முந்துவோமா?”

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “நிக்கிற பஸ்ஸா இருந்தா முந்தறேன்,” என்றார்.