செவப்பு எரியும்போது அப்பா நடந்துட்டாரு

நெலே, நீ தூங்கியிருப்ப. பரவால்ல, காலைல எழுந்து இந்த வாய்ஸ் மெசேஜக் கேளு. நான் மெதுவாத்தான் பேசணும், பக்கத்து ரூம்ல அப்பா தூங்கறாரு. என் தம்பி யோஸ்ட் என் கட்டில்லயே படுத்துட்டான். அட்டைல செஞ்ச கிரீடத்தக் கழட்டவே மாட்டேன்னுட்டான் சனியன், அது வளைஞ்சு காதுல குத்திகிட்டு இருக்கு.

நாளைக்கு நாங்க கோட்டை பாக்கப் போறோம்னு சொன்னேன்ல? நம்ம நொய்ஸ் ஊர்ல ரைன் ஆறுன்னா கிரேனும் கண்டெய்னரும்தான். கோப்லென்ஸ் தாண்டிப் போனா ஆத்தோட ரெண்டு பக்கமும் மலை, மலைக்கு மலை கோட்டை. யோஸ்ட் ஒண்ணாங்கிளாஸ் முடிச்சா கூட்டிட்டுப் போறேன்னு அப்பா சத்தியம் பண்ணியிருந்தாரு. பாஹாராஹ்ங்கற ஊர்ல ஒரு கோட்டைக்குள்ளயே தங்கறதுக்கு இடம் புக் பண்ணியாச்சு.

எங்கப்பாவ உனக்குத் தெரியும். மொதலுதவிப் பெட்டில தேதி முடியப்போவுதுன்னு புதுசு வாங்கிட்டாரு. டயர்ல காத்து பாத்துட்டாரு. வண்டி நின்னுட்டா போட்டுக்கறதுக்கு மஞ்ச கோட்டு ஆளுக்கு ஒண்ணு, யோஸ்ட்டுக்குச் சின்ன சைஸு. எல்லாத்தையும் மடிச்சு பை மேல வச்சிருக்காரு.

ஆனா அவரால வண்டி ஓட்ட முடியாது நெலே. அது எனக்குத் தெரியும்.

போன சனிக்கெழம யோஸ்ட்டுக்கு மழைக்கோட்டு வாங்கப் போனோம். ஆள் நடக்கற சிக்னல் செவப்பு. ரோட்ல ஒரு வண்டி இல்ல. நீயே கிண்டல் பண்ணுவியே, உங்கப்பா நடுராத்திரில பாலைவனத்துல சிக்னல் வச்சாலும் நிப்பாருன்னு. கொழந்தைங்க பாக்கறாங்கல்லன்னு சொல்லுவாரு. மழ கொட்டினாலும் நிப்பாரு.

அன்னைக்கு நடந்துட்டாரு. யோஸ்ட் கையப் புடிச்சுகிட்டு, செவப்புல.

கொழந்தை வண்டி தள்ளிகிட்டு வந்த ஒரு அம்மா கத்துனாங்க. "ஏங்க! கண்ணு தெரியலயா? கொழந்தைக்கு இதத்தான் சொல்லித் தர்றீங்களா?" அப்பா திரும்பவே இல்ல. வேற நாளா இருந்தா பத்து தடவ மன்னிப்புக் கேட்டிருப்பாரு. அதுக்குள்ள மூலைல ஒரு வேன் திரும்பி வந்துடிச்சு. நான் ஓடிப்போய் யோஸ்ட்ட இழுத்தேன். வேன் பிரேக் போட்ட சத்தம் இப்பவும் கேக்குது. அப்பா நடு ரோட்ல நின்னு எதையோ மெல்லற மாதிரி வாய அசைச்சுகிட்டு, கோட்டு பட்டனப் போட்டுக் கழட்டி, போட்டுக் கழட்டி... கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. உள்ள அவரு இல்ல.

அப்புறம் எங்களப் பாத்துக் கேக்கறாரு, "நீங்க ஏன் நடு ரோட்ல நிக்கறீங்க?"

பேக்கரி வாசல்ல என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "அம்மாகிட்ட சொல்லாத ஃபென்யா. களைப்பு, அவ்ளோதான்."

"நீ பஸ் ஓட்டறப்பா."

"இந்த வாரம் லீவுதான. கோட்டையெல்லாம் பாத்துட்டு வந்து டாக்டரப் பாக்கறேன். இப்பவே போனா லைசென்ஸப் புடுங்கிடுவாங்க, என் பஸ்ஸ நாளைக்கே வேற ஒருத்தன் ஓட்டுவான். அப்புறம் என்ன கோட்டை, என்ன வீடு?"

அவரு கண்ணு கலங்கிடிச்சு நெலே. நான் சரின்னுட்டேன்.

இன்னைக்குச் சாயங்காலம் சமையக்கட்டு மேசைல மேப்ப விரிச்சு ஒக்காந்தோம். அம்மா நைட் டியூட்டிக்குக் கெளம்பிகிட்டு இருந்தா. அவ வேலை பாக்கற முதியோர் இல்லத்துல இன்னைக்கு ஆள் கம்மி.

"வரி கட்டாதவங்கள எந்தக் கோட்டைல அடைப்பாங்க?"ன்னு யோஸ்ட் கேட்டான்.

"பல்லு தேய்க்காதவங்களத்தான் மொதல்ல அடைப்பாங்க," அப்பா சொன்னாரு. "ஒனக்கு ரூம் ரெடி."

நான் சும்மா சொல்ற மாதிரி சொன்னேன், "ரயில்ல போலாமே, ஆத்தை ஒட்டியேதான போவுது."

"ரயில்லயா? யோஸ்ட் கல்யாணத்துக்குள்ள போய்ச் சேந்துருவோம்!"

அம்மா சிரிச்சுகிட்டே கதவச் சாத்திட்டுப் போயிட்டா.

அப்பா ரோட்ட வெரலால காட்டிகிட்டே வந்தாரு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணி, நடுவுல அந்த ரோடு. கவுப்ங்கற ஊர்கிட்ட வண்டியோட படகுல ஏறணும், ஆத்து நடுவுல கப்பல் மாதிரி ஒரு கோட்டை நிக்குது, யோஸ்ட்டுக்கு அதுதான் வேணும். "மொத ஆளாப் போனா படகோட முன்வரிசைல நிக்கலாம்டா, நமக்கு முன்னாடி வெறும் தண்ணிதான்..." அங்கயே வெரல் நின்னுடிச்சு. அன்னைக்கு மாதிரியே வாய அசைக்க ஆரம்பிச்சாரு. பென்சில் உருண்டு கீழ விழுந்துச்சு.

"அப்பா கல்லாயிட்டாரு!"ன்னு யோஸ்ட் குதிச்சான். சாபம் வாங்கின வீரன் மாதிரியாம். அவனும் எதிர்ல ஒக்காந்து அதே மாதிரி வாய மென்னான். ரெண்டு பேரும். நான் அப்பா தோளப் புடிச்சு உலுக்கறேன், ஒண்ணும் ஆவல.

"எங்க விட்டேன்?"னு கேட்டாரு அப்புறம்.

"படகுல," யோஸ்ட் சொன்னான்.

அப்பா தூங்கினதும் ஆணில மாட்டியிருந்த கார் சாவிய எடுத்துகிட்டு வெறும் சாக்ஸோட கீழ போனேன். வாசல்ல மழத்தண்ணி போற, கம்பி மூடி போட்ட குழி இருக்குல்ல, அதுல போட்டுட்டேன். உள்ள ரொம்ப ஆழம் போல. சத்தம் லேட்டாத்தான் வந்துச்சு.

மேல வந்ததும்தான் ஞாபகம் வந்துச்சு, ரெண்டாவது சாவி அம்மா பைல இருக்கு. காலைல அம்மா வந்தா கெளம்பிடுவோம். அதான் அம்மாவுக்குப் போன் பண்ணேன்.

மெல்லறது, பட்டனப் போட்டுக் கழட்டறது எல்லாம் சொன்னேன். அம்மா அதிர்ச்சியே ஆவல நெலே.

"தூக்கத்துல மெல்லுவாரு. எனக்குத் தெரியும்," அப்படிங்கறா. "தூக்கத்துல மட்டுந்தான்னு நெனச்சேன். அவரு வேலை, வீட்டு லோன்னு எத்தனையோ இதுல தொங்குது ஃபென்யா, நீ சின்னப் பொண்ணு. நாலு நாள்தான். நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கறேன். நீ போய்ப் படு."

"அம்மா, அவரு செவப்புல நடந்தாரு."

"என்னது?"

"சிக்னல் செவப்பு. யோஸ்ட் கை அவரு கைல. வேன் வந்துச்சு."

பின்னாடி ஏதோ மணி அடிக்குது, யாரோ பாட்டி கூப்பிடறாங்க போல. அம்மா போகல.

"உங்கப்பாவா? லுட்கரா? செவப்புலயா?"

"ஆமா."

"யோஸ்ட்டோடயா?"

அப்புறம் அழுதா. வாயப் பொத்திகிட்டு அழற சத்தம். ஒண்ணு தெரியுமா, அவரு வாய மென்னத, பட்டனப் போட்டத நான் சொன்னப்பல்லாம் அவ நம்பல. செவப்புன்னதும் நம்பிட்டா.

"என்கிட்ட இருக்கற சாவிய நான் தரமாட்டேன்," அப்படின்னா. "ஆனா நீயும் சொல்லாத, நான் வந்து சொல்றேன். அது வரைக்கும் அவர எழுப்பாத."

அவ்ளோதான் நெலே. நாங்க போகல. எனக்கு நிம்மதியா இருக்கணும்ல?

எங்கப்பா பஸ்ஸ நான்தான் புடுங்கிட்டேன். அம்மா வர்றதுக்கு முன்னாடியே அவரு எழுந்துடுவாரு. ஆணில சாவி இல்லன்னதும் கோட்டு பாக்கெட், பேன்ட் பாக்கெட், பை, மறுபடி கோட்டுன்னு ஒழுங்கா வரிசையாத் தேடுவாரு. யோஸ்ட் கிரீடத்தோட கீழ குனிஞ்சு சோபா அடியில தேடுவான். "நீ பாத்தியா ஃபென்யா?"ன்னு கேப்பாரு.

அம்மா வர்ற வரைக்கும் நான் இல்லன்னு சொல்லணும்.